சென்ட்ரல் பார்க்கை வடக்கிலிருந்து பாருங்கள்

#1 மேப்பிள்நிழல்

நியூயார்க்குக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. சொந்தக்காரர், நண்பர் என்று யார் வந்தாலும் சென்ட்ரல் பார்க்குக்கு அழைத்துப் போவது நான்தான். எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். 59ஆம் தெருவில் நுழைவது, குதிரை வண்டியைப் பார்ப்பது, குளத்தருகே நின்று படம் எடுப்பது, பெத்தெஸ்டா நீரூற்று வரை நடப்பது, அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது. நீரூற்று இருப்பது 72ஆம் தெருவுக்கு நேராக. பூங்கா முடிவது 110ஆம் தெருவில். ஏறக்குறைய கால்வாசி பார்த்துவிட்டு 'சென்ட்ரல் பார்க் பார்த்தாச்சு' என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே மனிதர் செய்யாமல் தானாக இருப்பது பாறை மட்டும்தான். ஏரி, ஓடை, அருவி, புல்வெளி, காடு, மேடு, பள்ளம் எல்லாம் காகிதத்தில் வரைந்து, ஆயிரக்கணக்கான ஆட்கள் வெட்டியும் கொட்டியும் நட்டும் உண்டாக்கியவை. இது தெரியாமல் நடந்தாலும் அழகாகத்தான் இருக்கும். தெரிந்து நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் 'இதை ஏன் இங்கே வைத்தார்கள்' என்று நின்று பார்க்கத் தோன்றும்.

843 ஏக்கர். நீளம் இரண்டரை மைல், அகலம் அரை மைல். 1811இல் மன்ஹாட்டனுக்குத் தெருக்கட்டம் போட்டவர்களின் வரைபடத்தில் இது கிடையாது. ஊர் பெருகப் பெருக, காற்று வாங்க வேறு இடமில்லாமல் மக்கள் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் உலாவிய காலம் அது. 1844இல் கவிஞரும் பத்திரிகையாசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட், பெரிய பூங்கா ஒன்று வேண்டும் என்று தன் பத்திரிகையில் எழுதினார். 1853இல் நிலம் எடுக்க மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. 1857இல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். வந்தவை 33 திட்டங்கள். அடுத்த ஆண்டு பரிசு பெற்றது ஃப்ரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரும் சேர்ந்து கொடுத்த திட்டம். ஓல்ம்ஸ்டெட் பெயர்தான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் அவரைக் கூட்டுச் சேர அழைத்ததே வாக்ஸ்தான். கட்டடக் கலைஞர் அவர். பாலங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குறுக்குச் சாலைகள். பூங்காவைக் குறுக்கே கடக்க நான்கு சாலைகள் வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. இவர்கள் அந்த நான்கையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டார்கள். 1858இல், மோட்டார் வண்டியே இல்லாத காலத்தில்! இன்றும் பேருந்தும் டாக்சியும் நம் காலடியில் போய்க்கொண்டே இருக்கின்றன. மேலே நடப்பவருக்கு மரக்கிளைதான் தெரிகிறது. பாலங்களும் வளைவுகளும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. நடப்பவர், குதிரையில் போகிறவர், வண்டியில் போகிறவர் மூவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் போகத்தான் இத்தனை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

1858 டிசம்பரிலேயே, வேலை பாதியில் இருக்கும்போதே, உறைந்த ஏரியில் சறுக்கி விளையாட மக்களை விட்டுவிட்டார்கள். முழு வேலையும் முடிய 1870கள் வரை ஆனது.

சரி, என் பரிந்துரை. பி அல்லது சி ரயிலில் 103ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். உள்ளே நுழைந்ததும் 'பூல்' என்ற சின்னக் குளம். அங்கிருந்து கிளென் ஸ்பான் என்ற கல் வளைவுக்குக் கீழே போனால் ஒரு பள்ளத்தாக்கு வரும். ஓடையும் அருவியும் கூடவே வரும். மன்ஹாட்டன் நடுவில் நிற்கிறோம் என்பது அங்கே மறந்துபோகும். கடைசியில் ஹடில்ஸ்டோன் வளைவு. பெரிய பெரிய பாறைகளைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்று தாங்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். 1866இல் கட்டியது, மேலே சாலை போகிறது, இன்றும் அப்படியே நிற்கிறது. அதைத் தாண்டினால் ஹார்லெம் மீர் ஏரி.

ஒரே ஒரு காலைப் பொழுது இதற்குக் கொடுங்கள். நீரூற்றை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

#2 கடைசிரயில்

அக்கா, நல்ல சமயத்தில் எழுதினீர்கள். அம்மா அக்டோபரில் வருகிறார். 68 வயது, முழங்கால் வலி. நீங்கள் சொல்லும் பள்ளத்தாக்கில் ஏற்ற இறக்கம் இருக்குமே? அம்மாவை அலைக்கழிக்கவும் கூடாது, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் பார்க்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

#3 மேப்பிள்நிழல்

தம்பி, அப்படியானால் வழியைத் திருப்பிப் போடுங்கள். கிழக்குப் பக்கம் ஐந்தாவது அவென்யூவில், 105ஆம் தெருவுக்கு எதிரே கன்சர்வேட்டரி கார்டன் இருக்கிறது. ஆறு ஏக்கர். 1937இல் திறந்தது. அதற்கு முன் அங்கே கண்ணாடிக் கூடம் ஒன்று இருந்தது, பெயர் அதிலிருந்து வந்தது. வாசலில் இருக்கும் பெரிய இரும்புக் கதவு வாண்டர்பில்ட் குடும்பத்தின் மாளிகையில் இருந்தது. ஆனால் அந்த வாசலில் படி இறங்க வேண்டும். 106ஆம் தெருப் பக்கம் படியில்லாத வழி உண்டு, அம்மாவை அதில் அழைத்துப் போங்கள்.

உள்ளே இத்தாலிய பாணி, பிரெஞ்சு பாணி, ஆங்கிலேய பாணி என்று மூன்று தோட்டங்கள். அக்டோபரில் வடக்குத் தோட்டத்தில் சாமந்தி வட்டம் வட்டமாகப் பூத்திருக்கும். பெஞ்சுகள் நிறைய. சைக்கிள், ஓட்டக்காரர் யாரும் உள்ளே வரமாட்டார்கள், அதனால் நிம்மதியாக உட்காரலாம். அங்கிருந்து ஹார்லெம் மீர் கூப்பிடு தூரம், கரையெல்லாம் சமதரை. அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் ஹடில்ஸ்டோன் வளைவு வரை மட்டும் போய்த் திரும்பலாம்.

#4 கல்லும்மண்ணும்

பாறை மட்டும்தான் தானாக இருப்பது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நான் இந்தப் பூங்காவுக்குப் போவதே அதற்காகத்தான்.

அந்தக் கறுத்த பாறை மன்ஹாட்டன் சிஸ்ட். சுமார் 45 கோடி ஆண்டு வயது. கடலடிச் சேறு அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறி உருவானது. வெயில் படும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள், அபிரகம் மின்னும். தென்மேற்கு மூலையில், பேஸ்பால் மைதானங்களுக்குப் பக்கத்தில் அம்பயர் ராக் என்று ஒரு பெரிய பாறை. குழந்தைகள் ஏறி விளையாடும் இடம். அதன் மேற்பரப்பில் நீளநீளமாகப் பள்ளக் கோடுகள் ஓடும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. யாரும் செதுக்கியதில்லை. கடைசிப் பனியுகத்தில் இந்த ஊரின் மேல் கிடந்த பனிப்பாளம் நகர்ந்தபோது, அதன் அடியில் மாட்டிய கற்கள் இழுத்த கோடு அது. பனி உருகிய இடத்தில் அப்படியே விட்டுப்போன உருண்டைக் கற்களும் ஆங்காங்கே கிடக்கின்றன. பாறை ஒரு நிறம், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கல் வேறு நிறம் என்று இருந்தால் அதுதான்.

இந்தப் பாறையினால்தான் இந்த நிலத்தில் பூங்கா வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. மேட்டில் பாறை, பள்ளத்தில் சதுப்பு. வீடு கட்டி விற்பவர்களுக்கு அது லாபமான மனை இல்லை. வேலை தொடங்கியபோது வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்தார்கள். மேல்மண் போதாமல் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். சதுப்பில் குழாய் பதித்து வடித்தார்கள். அதன் பிறகுதான் ஒரு மரம் நட முடிந்தது.

#5 வடக்குத்தெரு

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'பாறையும் சதுப்பும்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சொன்ன கதையாகிவிடும். அங்கே மனிதர் இருந்தார்கள்.

82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெரு வரை, மேற்குப் பக்கம், இன்றைக்கு நாம் புல்லில் துண்டு விரித்துப் படுக்கிற இடத்தில் செனெகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அதே சமயத்தில் எபிஃபனி டேவிஸ் என்பவர் 12 மனை வாங்கினார். ஒரு கறுப்பினத் திருச்சபையும் மனைகள் வாங்கியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுதாக முடிந்ததே 1827இல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் சொந்த நிலம்! 1855 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 225 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், மற்றவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், இடுகாடு எல்லாம் இருந்தன.

நிலம் அவர்களுக்கு வெறும் நிலம் இல்லை. அந்தக் காலச் சட்டப்படி ஒரு கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டும் என்றால் 250 டாலர் பெறுமான சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே மனை என்றால் ஓட்டு. 1857இல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது, எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் சிதறிப்போனது. பூங்கா நிலம் முழுவதிலுமாகச் சுமார் 1,600 பேர் வீடிழந்தார்கள்.

2011இல் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். வீட்டு அஸ்திவாரம் கிடைத்தது, பாத்திரங்கள் கிடைத்தன, ஒரு சின்னச் செருப்பு கிடைத்தது. 2019இலிருந்து அந்த இடத்தில் விளக்கப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். 85ஆம் தெருவில் நுழைந்தால் பார்க்கலாம். தயவு செய்து உங்கள் பட்டியலில் இதைச் சேருங்கள்.

#6 மேப்பிள்நிழல்

சேர்க்கிறேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். மனிதர் செய்த பூங்கா என்று சொல்கிறவர், செய்வதற்காக எதை அகற்றினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

#7 இரவல்பேனா

வடக்குத்தெரு அவர்களே, வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நிலத்துக்கு அரசு பணம் கொடுத்துத்தானே எடுத்தது? அந்தப் பூங்கா வராமல் இருந்திருந்தால் அந்த ஊர் மட்டும் தப்பியிருக்குமா? தெருக்கட்டம் வடக்கே நகர்ந்து வந்து அதையும் விழுங்கியிருக்கும். இன்று ஆண்டுக்கு நான்கு கோடிப் பேர் காசு கொடுக்காமல் உள்ளே வந்து போகிறார்கள். ஏழை பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் ஒரே புல்லில் உட்காரும் இடம் இந்த ஊரில் வேறெங்கே இருக்கிறது?

#8 வடக்குத்தெரு

பணம் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ வில்லியம்ஸ் தன் வீட்டுக்கும் மூன்று மனைக்கும் 3,500 டாலர் கேட்டார். கிடைத்தது 2,335. வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. தெருக்கட்டம் வந்திருந்தால் விலைக்கு விற்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு மன்ஹாட்டன் நடுவில் ஒரு மனை மிஞ்சியிருக்கும். அந்த வித்தியாசம் சின்னதில்லை.

'எல்லோரும் ஒரே புல்லில்' என்பதும் முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை. ஆரம்பத்தில் விதிகள் கடுமை. புல்லில் கால் வைக்கக் கூடாது, கூட்டமாகச் சாப்பிட்டுக் கொண்டாடக் கூடாது, பையன்கள் விளையாட வேண்டும் என்றால் பள்ளியிலிருந்து சான்று கொண்டுவர வேண்டும். உழைக்கிற மக்கள் ஊரின் தெற்கே இருந்தார்கள், அங்கிருந்து இவ்வளவு தூரம் வரவே செலவு ஆகும். முதல் பத்து வருடம் அது பெரும்பாலும் சொந்தக் குதிரை வண்டி வைத்திருந்தவர்களின் பூங்கா. ஏழை மக்கள் கேட்டுக் கேட்டு, வந்து வந்து, அதைத் தங்களுடையதாக்கினார்கள்.

நான் பூங்காவை வெறுக்கவில்லை. வாரம் மூன்று நாள் அங்கேதான் நடக்கிறேன். நேசிப்பதால்தான் முழுதாகத் தெரிய வேண்டும் என்கிறேன்.

#9 இரவல்பேனா

மனையும் ஓட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. 2,335 என்ற தொகையும் எனக்குத் தெரியாது. பூங்கா வந்தது நல்லது என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் 'பணம் கொடுத்துத்தானே' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

#10 தூக்கணாங்குருவி

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். ராம்பிள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஏரிக்கு வடக்கே கிட்டத்தட்ட 36 ஏக்கர் அடர்ந்த காடு. வழிகள் வேண்டுமென்றே வளைந்து வளைந்து போகும். ஓல்ம்ஸ்டெட் அதைக் காட்டுத் தோட்டமாகவே நினைத்தார். பறவைகளுக்கு அது தெரியாது. அட்லாண்டிக் கரையோரமாக வடக்கும் தெற்கும் போகும் வலசைப் பாதையில் இந்த ஊர் இருக்கிறது. இரவெல்லாம் பறந்து வந்த பறவை விடியும்போது கீழே பார்க்கிறது. சுற்றிலும் கான்கிரீட், நடுவில் ஒரே ஒரு பச்சைப் பட்டை. இறங்காமல் என்ன செய்யும்? இங்கே 200க்கும் அதிகமான இனங்களைப் பார்த்திருக்கிறார்கள். மே முதல் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்குப் போனால், ஒரே மரத்தில் நாலைந்து வகை வார்ப்ளர்களைப் பார்க்கலாம். மஞ்சள், நீலம், கறுப்பு வெள்ளை என்று. தொலைநோக்கி இல்லாமல் போனாலும், நின்றுகொண்டிருக்கும் யாரிடமாவது கேட்டால் கொடுத்து உதவுவார்கள். எனக்கு முதல் வார்ப்ளரைக் காட்டியவர் பெயர்கூடத் தெரியாத ஒரு பெரியவர். கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

ஃப்ளாக்கோவை நினைவிருக்கிறதா? 2023 பிப்ரவரி 2 அன்று பூங்கா உயிர்க்காட்சிச்சாலையில் யாரோ கம்பிவலையை வெட்டிவிட, வெளியே வந்த யூரேசியக் கோட்டான். கூண்டிலேயே வளர்ந்தது, வேட்டையாடத் தெரியாமல் பட்டினி கிடக்கும் என்று எல்லோரும் பயந்தோம். சில நாளிலேயே எலி பிடிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் சுதந்திரமாக இருந்தது. 2024 பிப்ரவரி 23 அன்று இறந்தது. கட்டடத்தில் மோதியிருந்தது, உடம்பில் எலி விஷமும் இருந்தது. அது வழக்கமாக உட்கார்ந்த ஓக் மரத்தடியில் ஜனங்கள் பூவும் கடிதமும் வைத்தார்கள். நானும் போய் நின்றேன்.

#11 ஓடுகால்

ஓடுகிறவர்களுக்கு: நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பாதை 1.58 மைல். எல்லோரும் ஓடுவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், நீங்களும் அப்படியே ஓடுங்கள். பூங்காவை முழுதாகச் சுற்றும் சாலை ஆறு மைலுக்குச் சற்று மேல். வடக்கு முனையில் ஒரு பெரிய ஏற்றம் இருக்கிறது, முதல் சுற்றிலேயே வேகம் காட்டாதீர்கள். 2018 ஜூன் முதல் இந்தச் சுற்றுச் சாலையில் கார்களே கிடையாது. அதற்கு முன் ஓடியவர்களுக்குத்தான் அந்த அமைதியின் அருமை தெரியும்.

#12 மேப்பிள்நிழல்

நீர்த்தேக்கம் என்றதும் நீரூற்றைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. முதல் பதிவில் மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதன் கதை தெரிந்தால் நீங்களே தேடிப் போவீர்கள்.

நியூயார்க்கில் ஒரு காலத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. 1832இல் காலரா வந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1835இல் பெருந்தீ, அணைக்கப் போதிய தண்ணீர் இல்லை. அதன் பிறகுதான் வடக்கே நாற்பது மைலுக்கு அப்பாலிருந்த குரோட்டன் ஆற்றிலிருந்து கால்வாய் கட்டி, 1842இல் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சேமித்த செவ்வகத் தொட்டி ஒன்று, இன்றைக்குப் பூங்காவின் நடுவாக இருக்கும் இடத்தில்தான் இருந்தது. செனெகா வில்லேஜ் அதன் மேற்குப் பக்கத்தை ஒட்டியது.

பெத்தெஸ்டா நீரூற்றின் மேல் நிற்கும் தேவதை அந்தத் தண்ணீருக்கான நன்றி. கையில் லில்லிப் பூ, தூய்மையின் அடையாளம். பெயர் விவிலியத்தில் நோய் தீர்க்கும் குளத்தின் பெயர். செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ். இந்த நகரத்தில் பெரிய பொதுச் சிலை ஒன்றைச் செய்யும் பணி ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 1873இல் திறந்தார்கள். சிலைக்கு முன் நின்று படம் எடுப்பவர்களில் அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

நீரூற்றைப் பார்த்த கையோடு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுதும் இங்கிலாந்தில் மின்டன் நிறுவனம் செய்த வண்ண ஓடு, 15,000க்கு மேல். ஜேக்கப் ரே மோல்ட் வடிவமைத்தது. தரையில் பதிக்கும் ஓடுகளை இப்படித் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீர்க் கசிவால் கெட்டுப்போய், 1980களில் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, 2007இல்தான் மீண்டும் ஏற்றினார்கள். அங்கே யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். குரல் கூரையில் பட்டுத் திரும்பும் விதத்தை ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள்.

அந்தப் பழைய செவ்வகத் தொட்டி என்ன ஆனது? 1930 வாக்கில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலையும் வீடும் இல்லாதவர்கள் அந்த வறண்ட பள்ளத்தில் குடிசை போட்டுத் தங்கினார்கள். பிறகு மூடிப் புல் வளர்த்து 1937இல் திறந்ததுதான் கிரேட் லான். ஓடுகால் ஓடும் பெரிய நீர்த்தேக்கம் வேறு, அது 1862இல் வந்தது, 106 ஏக்கர். 1993 வரை ஊருக்குக் குடிநீர் கொடுத்தது. இப்போது ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் பெயரில் இருக்கிறது.

இன்னும் ஒன்று. நான் முதலில் சொன்ன பள்ளத்தாக்கின் ஓடையும் அருவியும் ஓடுவது நகரக் குழாய்த் தண்ணீரில். குழாயை மூடினால் அருவி நின்றுவிடும். இதைச் சொன்னதும் என்னோடு வந்தவர்களில் சிலருக்கு முகம் வாடிப்போகிறது. எனக்கு மாறாக மதிப்பு கூடுகிறது. எந்தக் கல்லில் விழுந்தால் எந்தச் சத்தம் வரும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

#13 இரவல்பேனா

அந்தக் கூரை ஓடுகள் கெட்டுப்போன காலத்தைப் பற்றி ஒரு வரி. 1970களில் நகரத்திடம் பணமில்லை. கிரேட் லான் புழுதிக்காடாகக் கிடந்தது, சுவரெல்லாம் கிறுக்கல், பெஞ்சு உடைந்து, விளக்கு எரியாமல், இருட்டினால் உள்ளே போகப் பயந்தார்கள். 1980இல் எலிசபெத் பார்லோ ரோஜர்ஸ் முன்னின்று சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அமைப்பைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி, நகரத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு பகுதியாகச் சரி செய்தார்கள். இன்று நாம் பார்க்கும் பூங்கா அந்த உழைப்பு. பணக்காரர் சூழ்ந்த பூங்காவுக்கு நன்கொடை கொட்டுகிறது, மற்ற பேட்டைகளின் பூங்காக்களுக்கு யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

#14 வடக்குத்தெரு

அந்தக் காலத்தின் இன்னொரு தழும்பும் இருக்கிறது. 1989இல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கறுப்பின, லத்தீன் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து சிறுவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்கள் செய்யவில்லை என்று தெளிவாகி 2002இல் தீர்ப்பு ரத்தானது. அதற்குள் இளமை போய்விட்டது. வடக்கு எல்லையில், 110ஆம் தெருவில், 2022 டிசம்பரில் ஒரு வாசலுக்கு 'குற்றமற்றோர் வாசல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கல்லில் அந்த எழுத்து மட்டும்தான். நான் எப்போதும் அந்த வழியாகத்தான் உள்ளே போவேன்.

#15 தூக்கணாங்குருவி

சிலைகள் பற்றி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்மா ஸ்டெபின்ஸ் சிலை செய்தார், தேவதைக்குச் சிலை இருந்தது, கதையில் வரும் சிறுமிக்குச் சிலை இருந்தது, மருந்து சுமந்த பால்டோ நாய்க்கு 1925லிருந்து சிலை இருந்தது. வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இல்லை. 2020 ஆகஸ்டில்தான் பெண்கள் உரிமைக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. அந்தோணி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி இருப்பது போன்ற சிலை வந்தது. மால் என்ற அந்த நேர் நடைபாதையில், அமெரிக்க எல்ம் மரங்களுக்கு நடுவே. அந்த எல்ம் மரங்களையும் பாருங்கள். நாடு முழுதும் நோயில் அழிந்த மரம், இங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

#16 கல்லும்மண்ணும்

வழி தவறுவோருக்கு ஒரு குறிப்பு, ராம்பிளில் கட்டாயம் தேவைப்படும். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெரு. கடைசி இலக்கம் இரட்டை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றை என்றால் மேற்குப் பக்கம். 7823 என்று பார்த்தால் 78ஆம் தெருவுக்கு நேராக, மேற்கே இருக்கிறீர்கள். நூறுக்கு மேற்பட்ட தெருக்களுக்கு முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள், 0 என்று தொடங்கினால் 100க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் எகிப்தியக் கல்தூணையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் துட்மோஸ் காலத்தது, சுமார் 3,500 வருடம். 1881இல் நிறுத்தினார்கள். நியூயார்க் நதிக்கரையிலிருந்து இங்கே இழுத்து வரவே 112 நாள் ஆனது.

#17 கடைசிரயில்

அக்கா, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போய் வந்தேன்.

106ஆம் தெருப் பக்கமாகவே நுழைந்தோம். சாமந்தி நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது. அம்மா ஒவ்வொரு பாத்தியையும் குனிந்து பார்த்துவிட்டு, செடியை எவ்வளவு நெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று அளந்து சொன்னார். முக்கால் மணி நேரம் அங்கேயே. பிறகு ஹார்லெம் மீர் கரை. 2025 ஏப்ரலில் திறந்த டேவிஸ் சென்டர் இருக்கிறதல்லவா, பழைய பனிச்சறுக்கு மைதானத்தை இடித்துவிட்டுக் கட்டியது, அதன் கூரை புல்மேடாக இருக்கிறது. முன்பு அந்த மைதானம் ஓடையை மறித்துக் குழாய்க்குள் அடைத்திருந்ததாம். இப்போது ஓடை வெளியில் ஓடி வந்து ஏரியில் சேருகிறது. அதைப் பார்த்ததும் அம்மா, 'இது எங்கேயிருந்து வருது, போய்ப் பார்க்கலாம்' என்றார். முழங்கால் வலி என்று சொன்னவர்.

ஹடில்ஸ்டோன் வளைவு வரை என்று போனோம். மெதுவாக, மூன்று இடத்தில் உட்கார்ந்து. வளைவுக்குள் நின்று மேலே பார்த்து, 'சாந்து இல்லாமலா' என்று இரண்டு முறை கேட்டார். பக்கத்தில் அருவிச் சத்தம். குழாய்த் தண்ணீர் என்பதையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'இதைத் திறந்து விடுற ஆள் யாரு, அவரைப் பார்க்க முடியுமா' என்றார்.

திரும்பும்போது எந்தப் பக்கம் போவது என்று தடுமாறி ஒரு கம்பத்தைப் பார்த்தேன். 0 என்று தொடங்கியது, கடைசியில் இரட்டை எண். கிழக்குப் பக்கம் என்று அம்மாவே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை 85ஆம் தெரு. வடக்குத்தெரு சொன்ன பலகைகளை மொழிபெயர்த்துச் சொல்வதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.